பென்சிலில் எழுதிய ‘பொய்’

சென்ற மாதம் அறையை ஒழுங்குபடுத்தியபோது மேசை இழுப்பறையின் அடியில் பழைய குறிப்பேடு ஒன்று அகப்பட்டது. தொடக்கநிலை 6ல் படித்தபோது, பிடித்த கதைப் புத்தகங்களிலிருந்து வரிகளை அதில் எழுதிவைப்பேன். எல்லாமே மாயாஜாலக் கதைகள். மந்திரவாதிகள், பேசும் சிங்கம், வேறோர் உலகத்துக்குத் திறக்கும் அலமாரி. பச்சை மையில், சுற்றிலும் நட்சத்திரம் வரைந்து எழுதியிருந்தேன்.

ஒரு வரிக்குக் கீழே மட்டும் பென்சிலில் ‘பொய்’ என்று இருந்தது. அதுவும் என் கையெழுத்துதான். சாதாரண நிலைத் தேர்வு முடிவுகள் வந்த பிறகு எழுதியது.

ஜே.கே. ரௌலிங் 1998ல் வெளியிட்ட இரண்டாவது ஹாரி பாட்டர் நாவலின் இறுதியில் வரும் வரி அது. தலைமையாசிரியர் டம்பிள்டோர் ஹாரியிடம் திறமையையும் தெரிவையும் பற்றிப் பேசுவார். இரண்டில் தெரிவே பெரிது என்பார். 12 வயதில் நான் அதை, ‘நல்லதைத் தேர்ந்தெடு, நல்லது கிடைக்கும்’ என்று புரிந்துகொண்டேன். தேர்வுக்கு முந்தைய இரவுகளில் அந்த வரிதான் எனக்குத் துணை.

நான்கு ஆண்டுகள் கழித்து, தொடக்கக் கல்லூரிக்குப் போக வேண்டும் என்பதே என் ஆசை. விண்ணப்பத்தில் 12 தெரிவுகளை வரிசைப்படுத்தலாம். ஏழாவது இடத்தில், அம்மா சொன்னாரே என்பதற்காகத் தாதிமைப் படிப்பைப் போட்டுவைத்தேன். அதுதான் கிடைத்தது. ஹாரியைப் பள்ளியின் இல்லங்களுள் ஒன்றில் சேர்க்கும் மந்திரத் தொப்பி அவன் மனத்தைக் கேட்டது, என்னை யார் கேட்டார்கள் என்று கோபம். (12 முறை கேட்டிருந்தார்கள். அப்போது அது தோன்றவில்லை.) அன்றுதான் பென்சிலை எடுத்தேன்.

குறிப்பேட்டைப் புரட்டியபடி கூடத்துக்கு வந்தேன். பாட்டி நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

“அது என்னம்மா, பச்சையா எழுதியிருக்கு?”

அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. தமிழில் சொன்னேன். “நாம எடுக்கிற முடிவுதான் நம்மள மாத்தும்னு ஒரு தாத்தா சொல்றாரு, பாட்டி.”

“மாத்தும்னா எழுதியிருக்கு?”

மறுபடியும் பார்த்தேன். “இல்ல. நாம யாருன்னு காட்டும்னு இருக்கு.”

“காட்டுறதும் மாத்துறதும் ஒண்ணா?”

பதில் சொல்லாமல் அறைக்குப் போய் அந்தக் கடைசி அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். ஹாரிக்கு அங்கே பயம். வில்லனைப் போலவே அவனாலும் பாம்புகளோடு பேச முடிகிறது. சிலிதரின் இல்லத்தில்தான் அவன் சிறப்பான் என்று தொப்பி நினைத்தது. தானும் அவனைப் போன்றவன்தானோ என்ற கவலை. அங்கே வேண்டாம் என்று கேட்டாயே, அதுவே நீ வேறு என்பதற்கு அடையாளம் என்று டம்பிள்டோர் எடுத்துச் சொல்கிறார். அந்த வரி எதையும் பெற்றுத் தருவதாக வாக்குக் கொடுக்கவே இல்லை. ஹாரிக்கும் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. மேலும் ஐந்து புத்தகங்களுக்குத் துன்பம் காத்திருக்கிறது. வரியில் இல்லாததை நானே சேர்த்துப் படித்துவிட்டு, நான்கு ஆண்டுகள் கழித்து அதைப் பொய் என்றும் சொல்லியிருக்கிறேன்.

மேட்லின் லெங்கல் 1962ல் வெளியிட்ட ‘எ ரிங்கிள் இன் டைம்’ நாவலிலிருந்தும் ஒரு வரி இருந்தது. அப்பாவைத் தேடி வேற்றுக் கிரகத்துக்குப் போகும் மெக் என்ற சிறுமிக்கு, வழிகாட்டிகளில் ஒருவர் அவளுடைய குறைகளையே பரிசாகக் கொடுக்கிறார். மெக்குக்கு எரிச்சல். விட்டொழிக்க நினைப்பதையா பரிசாகத் தருவார்கள்? ஆனால், எல்லாரையும் ஒரே அச்சில் வார்க்கப் பார்க்கும் அந்தக் கிரகத்தில் அவளுடைய கோபமும் பிடிவாதமும்தான் அவளைத் தாங்கிப் பிடிக்கின்றன. கடைசியில் தம்பியை மீட்பது அன்புதான். அங்கே குறைகள் மட்டும் போதவில்லை.

சிறுவயதில் இதை வேடிக்கைக்காக எழுதிவைத்திருப்பேன். இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. மருத்துவமனைப் பயிற்சியில் என்னைப் பற்றி அடிக்கடி சொல்லப்படும் குறை, நான் மெதுவானவள் என்பது. நோயாளியின் கைப்பட்டையில் உள்ள பெயரையும் மருந்தின் பெயரையும் இரண்டு முறை சரிபார்ப்பேன். திட்டு விழுந்த நாள்களில் அழுதிருக்கிறேன். இன்னும் வேகம் வரவேண்டும், அது உண்மை. ஆனால் அந்த இரண்டாவது முறையை விட்டுவிடப் போவதில்லை.

முன்பு நான் எழுதிவைக்காத ஒன்றை இப்போது சேர்த்திருக்கிறேன். சி.எஸ். லூயிஸ் 1950ல் வெளியிட்ட முதல் நார்னியா கதையைத் தம் ஞானமகள் லூசிக்குக் காணிக்கையாக்கினார். புத்தகம் அச்சாகி வருவதற்குள் அவள் தேவதைக் கதைகளைக் கடந்த வயதுக்கு வந்துவிட்டாளே என்று வருந்துகிறார். ஆனால் அவற்றை மறுபடியும் படிக்கும் அளவுக்கு அவள் ஒருநாள் வளர்ந்துவிடுவாள் என்றும் நம்புகிறார். புத்தகம் வந்தபோது லூசிக்கு வயது 14. அதே வயதில்தான் நானும், தோழிகள் சிரிப்பார்கள் என்று இந்தப் புத்தகங்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

பென்சில் எழுத்தை அழிக்கவில்லை. பச்சை வரிக்குக் கீழே அப்படியே இருக்கிறது.

பாட்டி விடுவதாக இல்லை. “அந்தப் பையனுக்கு அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டார். இப்போது இரவு உணவுக்குப் பிறகு மூன்றாவது புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மனிதரின் மகிழ்ச்சியை உறிஞ்சும் ‘டிமெண்டர்’களுக்குத் தமிழில் நல்ல சொல் அகப்படவில்லை. பேய் என்று சொன்னால் போதாதா என்கிறார் பாட்டி. நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.