இயற்கணிதமும் ஃபராயிழும்

ஐரோப்பியர் ‘அல்ஜீப்ரா’ என்றும் நாம் ‘இயற்கணிதம்’ என்றும் வழங்கும் கலையின் பெயர், ‘அல்-ஜப்ர்’ என்னும் அரபுச் சொல்லின் வழிவந்தது என்பதைப் பலரும் அறிவர். ஆனால் அப்பெயரைத் தந்த நூலின் பிற்பாதி முழுவதும் மரண சாசனத்தையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றியது என்பதை நம் அரபுக் கல்லூரி மாணவர்களுள்ளும் சிலரே அறிவர். இக்கலையின் வரலாற்றை அந்தப் பிற்பாதியின் வழியே நோக்குவது நமக்குப் பயன் தரும்.

இயற்கணிதம் முஸ்லிம்களிடமே தொடங்கிற்று என்று கூறுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. கி.மு. 1800ஐ ஒட்டிய பாபிலோனியக் களிமண் ஏடுகளிலேயே, நாம் இன்று இருபடிச் சமன்பாடு என்னும் வகைக் கணக்குகள் தீர்க்கப்பட்டுள்ளன. அலெக்ஸாந்திரியாவின் தியோபந்தஸ் தெரியாத எண்ணைக் காணும் கணக்குகளைத் தொகுத்தார். நம் நாட்டின் பிரம்மகுப்தர் கி.பி. 628இல் இயற்றிய ‘பிரம்மஸ்புட சித்தாந்தம்’ மிகை எண்ணைச் செல்வம் என்றும் குறை எண்ணைக் கடன் என்றும் கொண்டு, சுழியத்துக்கும் விதி வகுத்தது. கலீபா மன்ஸூரின் (754-775) காலத்தில் இந்திய வானியல் கணக்கு பக்தாதை அடைந்து, ‘ஸிந்துஹிந்த்’ என்ற பெயரில் அரபியில் வழங்கலாயிற்று.

இப்பின்புலத்தில்தான் முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி தோன்றுகிறார். கலீபா மஃமூனின் (813-833) ஆதரவில் பைத்துல் ஹிக்மாவில் பணியாற்றிய அவர், ‘அல்-ஜப்ரு வல்-முகாபலா’ கணக்கைச் சுருக்கித் தரும் நூலை எழுதினார். வாரிசுரிமை, மரண சாசனம், பாகப்பிரிவினை, வழக்கு, வணிகம், நில அளவை, வாய்க்கால் வெட்டுதல் ஆகியவற்றில் மக்களுக்குத் தேவைப்படும் கணக்கைத் தருவதே தம் நோக்கம் என்று முன்னுரையில் கூறுகிறார்.

‘ஜப்ர்’ என்பது முறிந்த எலும்பைப் பொருத்திச் சீராக்குவதையும் குறிக்கும் சொல். பத்திலிருந்து ஒரு பொருளைக் குறைத்தால் நான்கு எனில், குறைந்த அப்பொருளை இருபுறமும் சேர்த்துப் ‘பத்து என்பது நான்கும் ஒரு பொருளும்’ என்று ஆக்குவது ஜப்ர். இருபுறமும் உள்ள ஒரே இனத்தை எதிர் எதிரே வைத்துக் கழிப்பது முகாபலா. தெரியாத எண்ணை அவர் ‘ஷய்உ’, அதாவது ‘பொருள்’ என்றார். குறியீடு ஏதுமின்றி அனைத்தையும் சொற்களாலேயே எழுதினார்.

அவருடைய சிறப்பு, தனித்தனிக் கணக்குகளைத் தீர்த்ததில் இல்லை. சமன்பாடுகளை ஆறு வகைகளுக்குள் அடக்கி, வகைதோறும் பொதுவிதி தந்ததில் உள்ளது. ஒரு சதுரத்தோடு அதன் பக்கத்தின் பத்து மடங்கைக் கூட்ட 39 வருகிறது, பக்கம் யாது? பத்தில் பாதி 5. அதன் வர்க்கம் 25. அதனை 39உடன் கூட்ட 64. அதன் மூலம் 8. அதில் 5 போக விடை 3. விதியோடு அவர் நிற்கவில்லை. சதுரத்தின் இரு பக்கங்களிலும் 5 அகலமுள்ள இரு பட்டைகளை ஒட்டினால் மூலையில் 25 அளவுள்ள இடம் குறையும். அதை நிரப்பினால் 64 அளவுள்ள பெருஞ்சதுரம் முழுமை பெறும் என்று வரைந்து காட்டி நிறுவினார்.

இனிப் பிற்பாதிக்கு வருவோம். ஒருவர் இரு மகன்களை விட்டு இறக்கிறார். கையிருப்பு 10 திர்ஹம். மகன்களுள் ஒருவன் தந்தைக்கு 10 திர்ஹம் கடன்பட்டுள்ளான். மூன்றில் ஒரு பங்கு அயலார் ஒருவருக்கு வஸிய்யத் செய்யப்பட்டுள்ளது. கடனாளி மகனிடம் இப்போது பணம் இல்லையெனக் கொண்டால், கடனில் எவ்வளவு அவன் பங்குக்கு நேராகும்? அதனைப் ‘பொருள்’ என்று வைக்கிறார் குவாரிஸ்மி. மொத்தச் சொத்து பத்தும் ஒரு பொருளும். அதில் வஸிய்யத் போக எஞ்சியதை இருவருக்குப் பிரித்தால், ஒவ்வொருவருக்கும் மொத்தத்தில் மூன்றில் ஒன்று. கடனாளியின் பங்கு அப்பொருளே ஆதலால், பத்தும் ஒரு பொருளும் சேர்ந்து மூன்று பொருளுக்குச் சமம். ஆகவே பொருள் 5. கையிருப்பான 10 திர்ஹம் அயலாருக்கும் மற்ற மகனுக்கும் ஐந்தைந்தாகச் சேரும்.

இது பழைய பக்தாதின் கணக்கு மட்டுமன்று. எங்கள் விருதுநகர், சிவகாசி வட்டாரத்தில் பட்டாசுச் சரக்கு தீபாவளிக்கு முன் கடனாகப் போய், பணம் பின்னர் வருவது வணிக வழக்கம். தந்தையின் முதலில் கடை நடத்தும் மகன் தந்தைக்கே கடனாளியாக நிற்பதும் உண்டு. இடையில் தந்தை இறந்துவிட்டால், எழும் வினா குவாரிஸ்மி தீர்த்த அதே வினாதான்.

அவருக்குப் பின் எகிப்தின் அபூ காமில், அல்-கரஜி, அஸ்-ஸமவ்அல் ஆகியோர் இக்கலையை வளர்த்தனர். உமர் கய்யாம் (1048-1131) முப்படிச் சமன்பாடுகளைக் கூம்பு வெட்டுக் கோடுகளால் தீர்த்தார். 1145இல் செஸ்டர் நகர ராபர்ட் ஸ்பெயினின் செகோவியாவில் குவாரிஸ்மியின் நூலை லத்தீனில் பெயர்த்தார். கிரிமோனா நகர ஜெரார்டும் பெயர்த்தார். இரு பெயர்ப்புகளிலும் வாரிசுரிமைப் பகுதி விடப்பட்டது என்பது கருதத்தக்கது. 1545இல் கார்தானோவின் நூல் முப்படி, நாற்படித் தீர்வுகளை வெளியிட்டது. வியத் 1591இலும் தெகார்த் 1637இலும் எழுத்துக் குறியீட்டை நிலைநாட்டினர். இங்கே, பாஸ்கரர் 1150இல் இயற்றிய ‘பீஜகணித’த்தை ஷாஜஹான் காலத்தில் அதாவுல்லாஹ் ருஷ்தி பாரசீகத்தில் பெயர்த்தார். 1832இல் இருபது வயதில் மறைந்த கலுவாவின் ஆய்வுக்குப் பின், இயற்கணிதம் எண்களைக் கடந்து அமைப்புகளின் இயலாயிற்று.

ஐரோப்பா இயற்கணிதத்தை எடுத்துக்கொண்டு வாரிசுரிமையை விட்டது. நாமோ ஃபராயிழைப் போற்றிக்கொண்டு இயற்கணிதத்தை விட்டோம். நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘ஸிராஜி’ எண்களுக்கிடையே தமாஸுல், ததாகுல், தவாஃபுக், தபாயுன் என்னும் நான்கு உறவுகளைக் கற்பிக்கிறது. பள்ளியில் இவை வகுக்கும் எண், பொதுக் காரணி, பொது மடங்கு என்ற பெயர்களில் வருகின்றன. இரண்டும் ஒன்றே என்று எடுத்துரைப்பார் இன்மையால், ஸிராஜியில் தேர்ந்த மாணவனே இயற்கணிதம் என்றதும் அஞ்சுகிறான்.

மனைவி, தந்தை, ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு ஒருவர் இறந்தார் எனக் கொள்வோம். மனைவிக்கு நம் எண்சுவடி அரைக்கால் என்னும் 1/8; தந்தைக்கு 1/6; எஞ்சியது மகனுக்கு இரண்டும் மகளுக்கு ஒன்றுமாக. 72 கூறுகளாக்கினால் மனைவிக்கு 9, தந்தைக்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. ஒரு கூறும் மிகவில்லை, குறையவுமில்லை. ஆனால், திருமணத்தில் நகையும் சீரும் கொடுத்தாயிற்று என்று கூறி அந்த 17 கூறுகளையும் மகனிடமே விட்டுவிடும் குடும்பங்கள் நம்மிடையே உள்ளன. வாழ்நாளில் தந்த அன்பளிப்பு வாரிசுப் பங்கை அழிக்காது. சொத்து சிறிதாயினும் பெரிதாயினும் பெண்ணுக்கும் பங்குண்டு என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 7ஆம் வசனம் விதித்த கட்டளை.

முறிந்ததைப் பொருத்துவதும் குறைந்ததை நிரப்புவதுமே ஜப்ர். ஏட்டில் சரியாக வந்த விடை உரியவளின் கையைச் சேரும்போதுதான் அக்கணக்கு முற்றுப்பெறும். நம் மாணவர்கள் இவ்விரு கல்வியையும் ஒருங்கே பெறவும், நம் இல்லங்கள் அதன்படி நடக்கவும் அல்லாஹ் நல்லருள் புரிவானாக!