தீயில் எஞ்சிய செங்கல் வீடு

அமெரிக்காவின் கெற்றிஸ்பேர்க் நகருக்குத் தெற்கே ஜோசப் - மேரி ஷேர்பி தம்பதியரின் செங்கல் பண்ணை வீடு இன்றும் நிற்கிறது. 1863 யூலையில் உள்நாட்டு யுத்தம் அவர்கள் வாசலுக்கே வந்தது. பிள்ளைகளுடன் இடம்பெயர்ந்தார்கள். யூலை 3இல் களஞ்சியக் கட்டடம் எரிந்தது. உள்ளே கிடந்த காயமடைந்த படையினரும் கருகி மாண்டனர்.

சில நாட்களில் குடும்பம் திரும்பியது. வீட்டுப் பொருட்கள் சூறையாடப்பட்டிருந்தன. பீச் பழத்தோட்டம் சிதைந்திருந்தது. வீடு குண்டுத் துளைகளுடன் நின்றது.

அவர்கள் காணியைக் கைவிடவில்லை. களஞ்சியத்தை மீளக் கட்டினார்கள். மரங்களைப் பராமரித்தார்கள். போர்க்களம் பார்க்க வந்தவர்களுக்குப் பழங்களை உலர்த்தியும் தகரத்தில் அடைத்தும் விற்றார்கள்.

சகோதரிகளே, விளைச்சலைப் பதப்படுத்தி விற்கும் கைத்திறன் எரிந்த முற்றத்திலும் அடுப்பை மூட்டும்.