பட்டிக்குக் காட்டும் கரிசனை பெண்ணுக்கும் வேண்டும்

லிங்கநகரில் ஒரு மாலை தாய்மாருடன் கலந்துரையாடினோம். 2006இல் சம்பூர்ப் பக்கத்திலிருந்து மாட்டுப் பட்டியைக் கைவிட்டு இடம்பெயர்ந்த அம்மா ஒருவர் சொன்னார்: “பாதர், பசு குறைமாதத்தில கன்று போட்டா மிருக வைத்தியரைக் கூப்பிடுறம். எங்களுக்குக் கரு கலைஞ்சா ஒருத்தருக்கும் சொல்ல ஏலாது.” கூடியிருந்தோர் மௌனமாயினர். அந்த மௌனத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

உறுதியான கர்ப்பங்கள் 100இல் ஏறக்குறைய 10 முதல் 20 வரை தாமாகவே கலைகின்றன. பெரும்பாலானவை முதல் மூன்று மாதங்களுக்குள் நிகழ்கின்றன. கருவின் வளர்ச்சிக் குறையே பல தடவைகளில் காரணம். ‘அவள் ராசி’, ‘அவள் கவனயீனம்’ என்று பழி சுமத்துவது அநியாயம்.

மாடு வளர்ப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ‘புருசெல்லோசிஸ்’ என்னும் கிருமி நோய் பசுக்களில் ஐந்தாம் மாதத்துக்குப் பின் கன்றைக் கலைத்துவிடும். அது மனிதருக்கும் தொற்றும். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வியர்வை, மூட்டுவலி உண்டாகும். கர்ப்பிணிகளுக்குக் கரு கலையவும் கூடும். எனவே பாலை நன்கு காய்ச்சியே குடியுங்கள். குறைக்கன்றையும் இளங்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். அந்த இளங்கொடியை வழக்கம்போல் மரத்தில் கட்டாமல் ஆழப் புதையுங்கள். கர்ப்பிணிகள் கிட்டப் போகவே வேண்டாம்.

இனி, பேசத் தயங்கும் விடயம். தாயின் உயிரைக் காக்கும் நோக்கமின்றிக் கருவைக் கலைப்பதை 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை குற்றமாகக் கொள்கிறது. திருச்சபையின் போதனையையும் நீங்கள் அறிவீர்கள். ஆயினும் வறுமையாலும் பயத்தாலும் சிலர் தெரியாத குளிசைகளையும் குச்சிகளையும் நாடி, பின்னர் இரத்தம் போகப் போக வீட்டிலேயே ஒளிந்து கிடக்கிறார்கள். அவர்களைத் தீர்ப்பிடுவது எமது வேலையல்ல. உயிரோடு மருத்துவமனைக்குச் சேர்ப்பதே எமது வேலை. கரு தானாகக் கலைந்ததா, கலைக்கப்பட்டதா என்பது சிகிச்சைக்கு நிபந்தனையல்ல. அரச மருத்துவமனையில் அது இலவசம். என்ன நடந்தது, என்ன உட்கொண்டார் என்பதை வைத்தியரிடம் மறைக்காமல் சொன்னால் சரியான சிகிச்சை விரைவில் கிடைக்கும்.

துணி நனைய நனைய இரத்தம் போதல், காய்ச்சல், துர்நாற்றம், கடும் வயிற்றுவலி, மயக்கம்: இவற்றில் ஒன்று கண்டாலும் விடியும்வரை காத்திராதீர்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

கரு கலைந்து இரண்டு வாரத்திலேயே மீண்டும் கருத்தரிக்கலாம். உடல் தேறும்வரை இடைவெளி விடுவது பற்றிக் கணவனும் மனைவியும் சேர்ந்து குடும்பநல மருத்துவ மாதுவிடம் கேளுங்கள். கணவன்மாரே, இது ‘பெண்கள் காரியம்’ என்று ஒதுங்க வேண்டாம்.

2015இல் சம்பூரில் மீள்குடியேற்றம் தொடங்கியபின் பலர் மீண்டும் பட்டி கட்டினர். நோயுற்ற பசுவுக்காக இரவிலும் நடப்பவர்கள் நாம். வீட்டில் இரத்தம் சிந்தும் பெண்ணுக்காகவும் அந்த இரவிலேயே புறப்படுவோம்.