தோட்டத்துரை தொடங்கிய சூனியக்காரர் மதம்

இங்கிலாந்தின் தென்பகுதியில் ஒரு பெரிய புல்வெளி. அதன் நடுவே ராட்சசக் கற்கள் வட்டமாக நிற்கின்றன. அந்த இடத்துக்கு ஸ்டோன்ஹெஞ்ச் என்று பெயர்.

ஜூன் மாதம் 21-ந் தேதியை ஒட்டி, அங்கே பகல் மிக நீண்டதாக இருக்கும். அன்று விடியற்காலையில் ஆயிரக்கணக்கானவர்கள் கூடிச் சூரிய உதயம் பார்க்கிறார்கள். அவர்களில் வெள்ளை அங்கி அணிந்தவர்கள் உண்டு. தங்களைத் "துரூயிடுகள்" என்று சொல்லிக் கொள்கிறார்கள். "விக்கா" என்ற மதத்தைச் சேர்ந்தவர்களும் வருகிறார்கள். அவர்களைச் சூனியக்காரர் என்று கூப்பிட்டால் பலர் கோபிக்க மாட்டார்கள். அந்தப் பெயரை அவர்களே ஏற்றுக் கொண்டவர்கள்!

இயேசுநாதர் மதம் வருவதற்கு முன் இருந்த பழைய தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள் இவர்கள். 2021-ம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்போது, இங்கிலாந்திலும் வேல்சிலும் சுமார் 74 ஆயிரம் பேர் தங்கள் மதம் "பேகன்" என்று எழுதிக் கொடுத்தார்கள். சுமார் 13 ஆயிரம் பேர் "விக்கா" என்று எழுதினார்கள்.

தெய்வங்கள் பழையவை. சரி, வழிபாடும் பழையதுதானா?

எழுதாத வேதம்

2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிட்டன், அயர்லாந்து, இன்றைய பிரான்ஸ் ஆகிய இடங்களில் கெல்டு மொழிகளைப் பேசிய மக்கள் வாழ்ந்தார்கள். அவர்களுடைய குருமார்கள்தான் துரூயிடுகள்.

அவர்களைப் பற்றி ரோமாபுரித் தளபதி ஜூலியஸ் சீசர் எழுதி வைத்திருக்கிறார். துரூயிடு ஆவதற்குச் சிலர் 20 ஆண்டுகள்கூடப் படித்தார்களாம். எல்லாம் மனப்பாடம்! வேதத்தை எழுதி வைப்பது தகாது என்பது அவர்கள் கொள்கை. உயிர் சாவதில்லை, ஓர் உடலை விட்டு வேறோர் உடலுக்குப் போகிறது என்று போதித்தார்கள். நரபலியும் கொடுத்தார்கள் என்கிறார் சீசர். ஆனால் அவர் அந்த நாட்டின் மீது படையெடுத்தவர். எதிரியின் சாட்சியத்தை எவ்வளவு நம்புவது?

பிளினி என்ற இன்னொரு ரோமரும் எழுதியிருக்கிறார். வெள்ளை உடை தரித்த குரு ஓக் மரத்தில் ஏறி, தங்க அரிவாளால் புல்லுருவியை அறுப்பாராம். பிறகு இரண்டு வெள்ளைக் காளைகளைப் பலி கொடுப்பார்களாம். இன்றைய துரூயிடுகள் அணியும் வெள்ளை அங்கி, பிளினி எழுதிய இந்தச் சில வரிகளிலிருந்து வந்ததுதான்.

கி.பி. 60-ஐ ஒட்டி ரோமப் படை வேல்சை அடுத்த மோனா தீவில் இறங்கியது. எதிர்த்து நின்றவர்களை வெட்டியது. புனிதச் சோலைகளை அழித்தது. மனப்பாடமாக இருந்த வேதம், அதைச் சொல்ல ஆள் இல்லாமல் நாளடைவில் மறைந்தது.

ஸ்டோன்ஹெஞ்ச் கற்களை நட்டவர்கள் துரூயிடுகள் அல்ல. அந்தக் கற்கள் கி.மு. 2500 வாக்கில் நடப்பட்டவை. துரூயிடுகளைப் பற்றிய முதல் செய்தி கிடைப்பதற்கு 2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவை! 17, 18-ம் நூற்றாண்டுகளில் ஆப்ரே, ஸ்டக்லி ஆகிய இரண்டு ஆங்கிலேய அறிஞர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டார்கள். அந்த முடிச்சு இன்னும் அவிழவில்லை.

இலங்கைக்கு வந்த சிறுவன்

விக்காவின் கதை இன்னும் சுவையானது.

ஜெரால்டு கார்ட்னர் 1884-ல் லிவர்பூல் அருகே பிறந்தவர். சிறு வயதில் ஆஸ்துமாவால் அவதிப்பட்டார். 1900-ல், 16 வயதில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வேலை பழக வந்தார். பிறகு போர்னியோ, மலேயா என்று சுற்றினார். ரப்பர் தோட்டத் துரையாக இருந்தார். சுங்க அதிகாரியாகவும் வேலை பார்த்தார். மலாய்க்காரர்களின் "கிரிஸ்" என்ற குத்துவாளைப் பற்றிப் புத்தகமே எழுதினார்.

1936-ல் ஓய்வு பெற்று ஊர் திரும்பினார். 1939-ல் தென் இங்கிலாந்தில் ஒரு ரகசியக் கூட்டம் தம்மைச் சேர்த்துக் கொண்டதாகவும், அது பல நூற்றாண்டுகளாக மறைந்து வாழ்ந்த சூனியக்காரர் கூட்டம் என்றும் பின்னாளில் சொன்னார்.

மந்திர சக்தி இருப்பதாகச் சொல்லிக் கொள்பவர்களைத் தண்டிக்கும் சட்டம் ஒன்று இங்கிலாந்தில் 1735 முதல் இருந்தது. அது 1951-ல் ரத்தாயிற்று. 1954-ல் கார்ட்னர் புத்தகம் போட்டார். பத்திரிகைகள் அவரை மொய்த்துக் கொண்டன.

அவருடைய பூஜை முறைகளை அலசிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் என்ன கண்டார்கள்? வட்டம் போடுவதும், வாள் பிடிப்பதும், நான்கு திசைகளை அழைப்பதும் இடைக்கால மந்திரப் புத்தகங்களிலிருந்தும், பிற்கால ரகசியச் சங்கங்களிலிருந்தும் வந்தவை. "விக்கா" என்ற சொல்லே கெல்டு மொழிச் சொல் அல்ல. பழைய ஆங்கிலச் சொல்!

டோரீன் வாலியண்ட் என்ற பெண்மணி கார்ட்னரின் சிஷ்யை. மந்திரங்களில் பல, அலீஸ்டர் குரோலி என்ற நவீன மந்திரவாதியின் எழுத்து என்று அவர் கண்டுபிடித்தார். கார்ட்னரிடம் நேரிலேயே கேட்டார். முடிந்தால் நீயே திருத்தி எழுது என்று விட்டுவிட்டார் குரு. அந்த அம்மாளும் எழுதினார். இன்று விக்கா மதத்தார் சொல்லும் அழகான வாசகங்களில் பல அவர் எழுதியவை.

மாண்டவர்கள் யார்?

கார்ட்னர் நம்பியது ஒரு பேராசிரியையை. எகிப்து ஆராய்ச்சியில் பேர் பெற்ற மார்கரெட் மர்ரே 1921-ல் எழுதிய நூலில், ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் ஒரு பழைய மதத்தின் அடியார்கள் என்றார்.

இன்று சரித்திர ஆசிரியர்கள் இதை ஒப்புவதில்லை. 15 முதல் 18-ம் நூற்றாண்டு வரை சுமார் 40 ஆயிரம் முதல் 50 ஆயிரம் பேர் அப்படிக் கொல்லப்பட்டார்கள் என்பது கணக்கு. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஞாயிறுதோறும் மாதா கோவிலுக்குப் போன சாதாரணக் குடியானவர்கள். சித்திரவதை தாங்காமல், கேட்டதற்கெல்லாம் "ஆமாம்" என்றவர்கள். பழைய மதத்துக்காக உயிர் கொடுத்தார்கள் என்று சொல்வது, செய்யாத குற்றத்தை அவர்கள் தலையில் மறுபடியும் சுமத்துவது போல எனக்குப் படுகிறது.

இரண்டு நெருப்புக்கு நடுவே

அப்படியானால் பழையது எதுவுமே இல்லையா? உண்டு.

அயர்லாந்துக்கு ரோமப் படை போகவில்லை. அங்கே கிறிஸ்தவத் துறவிகள் பழைய கதைகளை ஏட்டில் எழுதி வைத்தார்கள். நான்கு திருநாட்களின் பெயர்கள் அதிலிருந்து கிடைக்கின்றன. பிப்ரவரி முதல் தேதி இம்போல்க். மே முதல் தேதி பெல்டேன். அன்று இரண்டு தீ மூட்டி, நோய் அண்டாமல் இருக்க மாடுகளை நடுவே ஓட்டிச் செல்வார்கள். ஆகஸ்டு முதல் தேதி லூனசா; லூக் என்ற தெய்வத்தின் பெயரால் வந்தது. நவம்பர் முதல் தேதி சவின்.

இந்த நான்குடன் சூரியனை ஒட்டிய நான்கு நாட்களையும் சேர்த்து, 1950-களில் எட்டுத் திருநாட்களாக ஆக்கினார்கள் கார்ட்னர் கூட்டத்தாரும் துரூயிடுகளும். பாதி பழையது, தொகுப்பு புதிது.

விக்கா மதத்தாரில் பலர் இப்போது இதை மறுப்பதில்லை. எங்கள் மதம் 20-ம் நூற்றாண்டில் பிறந்தது என்று அவர்களே எழுதுகிறார்கள். ஆனால் திருநாளை விடவில்லை. அக்டோபர் 31-ந் தேதி இரவு, சவின் பிறக்கும் வேளையில், அவர்களில் சிலர் மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கிறார்கள். அந்த ஆண்டு வீட்டில் இறந்தவருக்காக. ஒருவரும் பேசாமல் சாப்பிடுகிறார்கள்.