ஊசி போட்ட அன்று வந்த வலிப்பு

பிஞ்சு மூளை – தொடர் 9

லண்டனில் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை என்றால் குழந்தை வைத்தியத்தில் அதற்கு ஒரு தனி மரியாதை. அங்கிருந்து 1974-ல் ஒரு கட்டுரை வந்தது. நரம்பியல் மருத்துவர் ஜான் வில்சனும் அவருடைய சகாக்களும் எழுதியது. 11 வருடங்களில் தங்களிடம் வந்த 36 குழந்தைகளைப் பற்றி அதில் விவரித்திருந்தார்கள். எல்லாக் குழந்தைகளுக்கும் முத்தடுப்பு ஊசி போடப்பட்டிருந்தது; அதன் பிறகு வலிப்பு, மூளைப் பாதிப்பு. ஊசியில் இருந்த கக்குவான் இருமல் மருந்தின் மேல் சந்தேகம் விழுந்தது.

36 என்பது சின்ன எண்ணிக்கை. ஊசியே போடாத குழந்தைகளில் எத்தனை பேருக்கு அதே வயதில் வலிப்பு வருகிறது என்ற ஒப்பீடும் கட்டுரையில் கிடையாது. ஆனால் ஒப்பீடு கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கப் பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் பொறுமை ஏது? விஷயம் பற்றிக்கொண்டது. பிரிட்டனில் 80 சதவீதத்தை ஒட்டியிருந்த கக்குவான் தடுப்பூசி அளவு நான்கைந்து வருடங்களில் 30 சதவீதத்துப் பக்கம் சரிந்தது. 1977 முதல் 1979 வரை அந்நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குக் கக்குவான் இருமல். ஜப்பானில் இரண்டு குழந்தைகள் ஊசிக்குப் பின் இறந்ததால் 1975-ல் ஊசியையே நிறுத்தினார்கள். பிறகு வேறு நிபந்தனைகளோடு மறுபடி ஆரம்பித்தும் மக்கள் பழையபடி முன்வரவில்லை. 1979-ல் 13,000 பேருக்கு நோய், 41 சாவு. அமெரிக்காவில் 1982-ல் ஒரு தொலைக்காட்சிப் படம் இதே பீதியைக் கிளப்பியது. வழக்குகள் குவிந்து, மருந்து நிறுவனங்கள் ஊசித் தயாரிப்பையே கைவிடும் நிலைக்கு வந்தபோது, 1986-ல் நஷ்ட ஈட்டுக்கென்று தனிச் சட்டமே போட வேண்டியதாயிற்று.

பெற்றோரை இதில் குறை சொல்வதில் அர்த்தமில்லை. காலையில் ஊசி, சாயங்காலம் குழந்தைக்குக் காய்ச்சல், ராத்திரி கை வெட்டி இழுக்கிறது. அதுவரை சிரித்து விளையாடிய பிள்ளை. எந்தத் தாய் இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருப்பாள்? பிரிட்டிஷ் அரசும் 1979-ல் சட்டம் இயற்றி, பாதிக்கப்பட்ட குழந்தைக்குத் தலா 10,000 பவுண்டு கொடுக்க முன்வந்தது. 1988-ல் லண்டன் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஸ்டூவர்ட் ஸ்மித் மாதக்கணக்கில் நிபுணர்களை விசாரித்துவிட்டு, கக்குவான் ஊசி நிரந்தர மூளைப் பாதிப்பை உண்டாக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு எழுதினார். சரி, அப்படியானால் எங்கள் பிள்ளைக்கு என்னதான் ஆனது? அந்தக் கேள்விக்குத் தீர்ப்பில் பதில் இல்லை. நீதிபதியைக் கேட்டும் பயனில்லை, டாக்டர்களிடமே அது இல்லை.

பதிலின் முதல் பாதி, யாருடைய கண்ணிலும் படாமல், பிரான்ஸில் ஏற்கெனவே அச்சாகியிருந்தது.

மார்செய் நகரில் சென்ட் போல் என்றொரு வலிப்பு நோய் மையம். அங்கே வேலை பார்த்த டாக்டர் ஷார்லோட் டிராவே, கடுமையான வலிப்போடு வரும் சிறு குழந்தைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். அந்தக் காலத்தில் இப்படிப்பட்ட குழந்தைகளை எல்லாம் லெனாக்ஸ்-கேஸ்டோ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவது வழக்கம். டிராவேக்கு அது ஒப்பவில்லை. சில குழந்தைகளின் கதை மட்டும் தனியாக, ஆனால் ஒன்றுபோலவே இருந்தது. 1978-ல் அதை எழுதினார். பிற்பாடு அந்த நோய்க்கு அவர் பெயரே நிலைத்தது: டிராவே சிண்ட்ரோம்.

அந்தக் கதை இப்படிப் போகும். குழந்தை நல்லபடியாகப் பிறக்கும், நன்றாகப் பால் குடிக்கும், தலை நிற்கும், முகம் பார்த்துச் சிரிக்கும். ஐந்தாறு மாதத்தில் ஒரு நாள் காய்ச்சல். வலது கையும் காலும் மட்டும் வெட்டி இழுக்கும். சாதாரணக் காய்ச்சல் வலிப்பு, நம் பாட்டிமார் ஜன்னி என்பார்களே அது, பெரும்பாலும் உடம்பு முழுக்க வந்து சில நிமிடங்களில் தானே அடங்கிவிடும். நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து குழந்தைகளுக்கு அது வரும், பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போகும். இது அப்படி அடங்காது. அரை மணி நேரம்கூட நீளும். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நிறுத்துவார்கள். அடுத்த மாதம் மறுபடி வரும். இந்த முறை இடது பக்கம். மூளையை ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது. ஈஈஜி எடுத்தாலும் ஆரம்பத்தில் சரியாகவே இருக்கும். வெந்நீரில் குளிப்பாட்டினால் வலிப்பு வரும். ஒரு வயதுக்கு மேல் காய்ச்சலே இல்லாமலும் வரும். திடீர்த் துள்ளல், சில விநாடி வெறித்த பார்வை என்று புதுப் புது வகைகள் சேர்ந்துகொள்ளும். இரண்டாவது வயதில் பேச்சு பின்தங்க ஆரம்பிக்கும். நடை தள்ளாடும். தூக்கத்தில் எதிர்பாராமல் உயிர் பிரியும் அபாயமும் மற்ற வலிப்பு நோய்களைவிட இதில் அதிகம். இப்படிப்பட்ட குழந்தை உள்ள வீட்டில் தெர்மாமீட்டர் எப்போதும் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கும்.

பதிலின் இரண்டாம் பாதி மரபணுவில் இருந்தது. ஆஸ்திரேலியாவில் மெல்பர்னைச் சேர்ந்த இங்கிரிட் ஷெஃபரும் சாமுவேல் பெர்கோவிக்கும் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சல் வலிப்பு வரும் ஒரு பெரிய குடும்பத்தை ஆராய்ந்து 1997-ல் எழுதினார்கள். அப்படிப்பட்ட குடும்பங்களைத் துருவிப் போனதில், 2000-ல் எஸ்சிஎன்1ஏ என்ற மரபணுவில் கோளாறு இருப்பது தெரிந்தது. நரம்பு செல்லின் சுவரில் சோடியம் அயனிகள் உள்ளே புகுவதற்கு ஒரு வாசல் உண்டு. நரம்பில் மின்துடிப்பு எழுவதே அது திறப்பதால்தான். அந்த வாசலுக்கான புரதத்தைத் தயாரிக்கும் மரபணு இது. அடுத்த வருடம் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் டிராவே நோய் உள்ள ஏழு குழந்தைகளைச் சோதித்தார்கள். ஏழு பேருக்கும் இதே மரபணுவில்தான் கோளாறு. அதைவிட வியப்பு, அப்பா அம்மா இருவரிடமும் அந்தக் கோளாறு கிடையாது. கரு உருவாகும் கட்டத்திலேயே புதிதாக நேர்ந்த மாற்றம் அது.

பெர்கோவிக்குக்கு அப்போது ஒரு பொறி தட்டியது. தடுப்பூசியால் மூளை கெட்டது என்று முத்திரை குத்தப்பட்ட நோயாளிகள் சிலரின் பழைய கேஸ் ஷீட்டைப் படித்தால், டிராவே எழுதிய கதையைப் படிப்பது போலவே இருந்தது. ஊசி போட்ட 72 மணி நேரத்துக்குள் முதல் வலிப்பு வந்த 14 பேரை அவருடைய குழு தேடிப் பிடித்து ரத்தம் எடுத்தது. 2006-ல் முடிவு வெளியானது. 14 பேரில் 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ கோளாறு. அதில் 9 பேருடைய பெற்றோரின் ரத்தத்தையும் பார்க்க முடிந்தது. ஒன்பதுமே புதிதாக நேர்ந்த மாற்றம். மீதி மூன்று பேருக்கும் வலிப்பு நோயில் இன்ன வகை என்று பெயர் சொல்ல முடிந்தது. ஸ்கேன் எதிலும் மூளை வீங்கியதற்கோ அழிந்ததற்கோ தடயம் இல்லை. ஊசி போட்ட நாளுக்குப் பல மாதம் முன்பே, கருவிலேயே எழுதப்பட்டுவிட்ட நோய்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று இதைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் முழு உண்மை அதைவிடக் கொஞ்சம் சிக்கலானது. காக்கை உட்கார்ந்ததில் மட்டை கொஞ்சம் ஆடத்தான் செய்தது. தடுப்பூசி காய்ச்சலைக் கொடுக்கும். டிராவே குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலே வலிப்பு. ஆகவே முதல் வலிப்பு ஊசி போட்ட நாளில் வருவது தற்செயல் மட்டும் அல்ல. பெற்றோர் பார்த்த தொடர்பு பொய்யில்லை. அந்த ஊசி இல்லாவிட்டால் குழந்தை தப்பித்திருக்குமா என்பதுதான் கேள்வி.

அதற்கும் பதில் தேடினார்கள். டிராவே நோய் உள்ள 40 பேரின் மருத்துவப் பதிவுகளை அதே ஆஸ்திரேலியக் குழு புரட்டியது. 12 பேருக்கு முதல் வலிப்பு, ஊசி போட்ட அன்றோ மறுநாளோ வந்திருந்தது. மற்றவர்களுக்குச் சராசரியாக 26 வார வயதில் வந்தது, இவர்களுக்கு 18 வாரத்திலேயே வந்துவிட்டது. அவ்வளவுதான் வித்தியாசம், எட்டு வாரம். அறிவு வளர்ச்சியிலோ நோயின் கடுமையிலோ இரண்டு கூட்டத்துக்கும் நடுவே வேறுபாடு எதுவும் தென்படவில்லை. வலிப்பு வந்த பிறகு மேற்கொண்டு ஊசி போட்டவர்கள், போடாமல் நிறுத்திவிட்டவர்கள் என்று பிரித்துப் பார்த்தாலும் அதே முடிவு. 2010-ல் இந்த ஆய்வு வெளியானபோது லண்டன் பீதிக்கு வயது 36 ஆகியிருந்தது.

ஊசியின் மேல் இருந்த பழி தீர்ந்தது என்பதோடு செய்தித்தாள்கள் நிறுத்திக்கொண்டன. பெற்றோருக்கு உபயோகமான சமாச்சாரம் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது.

சோடியம் வாசல் பழுதானால் நரம்பு செல்லின் துடிப்பு குறையத்தானே வேண்டும்? வலிப்பு என்பதோ துடிப்பு மிகுந்து போவது. கணக்கு உதைத்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வில்லியம் கேட்டரால் குழு, அந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை முடக்கிய எலிகளை வளர்த்து 2006-ல் முடிச்சை அவிழ்த்தது. மூளையில் தூண்டும் செல்கள் உண்டு, அடக்கும் செல்கள் உண்டு. இந்தக் குறிப்பிட்ட வாசலை அதிகம் நம்பியிருப்பவை அடக்கும் செல்கள். வாசல் பழுதானதும் அவை சோர்ந்துபோகின்றன. தூண்டும் செல்களைத் தடுக்க ஆளில்லை. அதே குழுவினர் பிறகு எலிகளின் உடல் சூட்டை மெல்ல ஏற்றிப் பார்த்தார்கள். மூன்று வார வயதை எட்டிய எலிகளுக்கு வலிப்பு வந்தது. அதற்குச் சில நாட்கள் முன்பு அதே சூட்டில் ஒன்றும் ஆகவில்லை. குழந்தை ஐந்தாறு மாதம் வரை நன்றாக இருந்து, பிறகு காய்ச்சலில் விழுவதற்கு ஈடான காட்சி.

இதிலிருந்து ஒரு விபரீதம் வெளிச்சத்துக்கு வந்தது. வலிப்புக்கு உலகமெங்கும் அன்றாடம் எழுதித் தரும் கார்பமஸபீன், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் எல்லாமே சோடியம் வாசலை அடைத்து வேலை செய்பவை. மற்ற வலிப்பு நோயாளிகளுக்கு நல்ல மருந்துகள், விலையும் குறைவு. டிராவே குழந்தைக்குக் கொடுத்தால், ஏற்கெனவே சோர்ந்திருக்கும் அடக்கும் செல்கள் இன்னும் படுத்துவிடும். லாமோட்ரிஜின் கொடுத்த டிராவே குழந்தைகளில் பெரும்பாலோருக்கு வலிப்பு கூடியதை 1998-லேயே, மரபணு தெரிவதற்கு முன்பே, பிரான்ஸ், இத்தாலி மருத்துவர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களில் டிராவேயும் ஒருவர். காரணம் புரிய எட்டு வருடம் பிடித்தது. எத்தனை குழந்தைகளுக்கு இந்த மருந்துகளை வருடக்கணக்கில், கட்டுப்படவில்லையே என்று டோஸைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

நம் ஊரில் இது கூடுதல் கவனம் கேட்கும் விஷயம். அரசுத் திட்டத்தில் ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதங்களில் போடும் பென்டாவேலன்ட் ஊசியில் இருப்பது பழைய முழுச்செல் கக்குவான் மருந்துதான். காய்ச்சல் சற்று அதிகமாகவே வரும். அதனால்தான் செவிலியர் பாராசிட்டமால் கொடுத்தனுப்புகிறார். தனியார் கிளினிக்கில் ‘பெயின்லெஸ்’ என்று கூடுதல் விலைக்குப் போடுவது, அந்த மருந்தின் தேவையற்ற பகுதிகளை நீக்கிய வகை. ஜப்பான் தன் பீதிக்குப் பிறகு 1981-ல் கொண்டுவந்தது. ஊசிக்குப் பின் ஒரு குழந்தைக்கு அரை மணி நேர வலிப்பு, அதுவும் ஒரு பக்கமாக வந்தால், ஊசியைத் திட்டிவிட்டு வீட்டோடு இருந்துவிடக் கூடாது. குழந்தை நரம்பியல் மருத்துவரிடம் மரபணுச் சோதனை பற்றிக் கேட்க வேண்டும். கொஞ்சம் ரத்தம் எடுத்தால் போதும். வலிப்பு வரும் நேரத்தில் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து நிமிடம் தாண்டினால் டாக்டர் எழுதித் தந்த மிடசோலாம் ஸ்ப்ரேயை மூக்கில் அடிப்பதுதான் பலன் தரும்.

சரியான மருந்து எது? வால்ப்ரோயேட், குளோபஸாம் இரண்டும் அடிப்படை. பாரிஸில் கேத்தரின் ஷிரோன் குழு ஸ்டிரிபென்டால் என்ற மருந்தை அவற்றோடு சேர்த்துக் கொடுத்து 2000-ல் முடிவை வெளியிட்டது. மருந்து பெற்ற 21 குழந்தைகளில் 15 பேருக்கு வலிப்பு பாதிக்கு மேல் குறைந்தது; வெற்று மாத்திரை பெற்ற 20 பேரில் ஒரே ஒருவருக்கு. கஞ்சாச் செடியிலிருந்து போதை தராத பகுதியைப் பிரித்தெடுத்த கேனபிடியால் மருந்துக்கு 2018-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. அதைப் பற்றிப் பரபரப்பு நிறைய. குறையும் வலிப்பு ஓரளவுதான்.

விசித்திரமான கதை ஃபென்ஃபுளூராமினுடையது. உடல் எடையைக் குறைக்க அமெரிக்கர்கள் லட்சக்கணக்கில் விழுங்கிய மாத்திரை இது. இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997-ல் கடைகளிலிருந்து துரத்தினார்கள். பெல்ஜிய மருத்துவர்கள் மட்டும், சில வலிப்புக் குழந்தைகளுக்கு அது நன்றாகக் கேட்கிறது என்று தங்கள் அரசிடம் தனி அனுமதி வாங்கி, சின்ன டோஸில், வருடக்கணக்கில் கொடுத்து வந்தார்கள். 119 பேரிடம் முறைப்படி சோதித்து 2019-ல் வெளியிட்ட ஆய்வில், அதிக டோஸ் பெற்றவர்களின் மாதாந்திர வலிப்பு, வெற்று மருந்து பெற்றவர்களைவிடச் சுமார் 62 சதவீதம் கூடுதலாகக் குறைந்தது. 2020 ஜூனில் அமெரிக்காவும் அனுமதித்தது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதயத்தை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இவை எல்லாமே வலிப்பைக் குறைப்பவை. மரபணுக் கோளாறை இவை தொடுவதில்லை. பழுதான பிரதி கிடக்கட்டும், நல்லபடி இருக்கும் இன்னொரு பிரதியை இரட்டிப்பாக வேலை செய்ய வைத்தால் என்ன என்ற யோசனையில், முதுகுத்தண்டு வழியாகச் செலுத்தும் ஒரு மருந்தை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் குழந்தைகளிடம் சோதித்து வருகிறார்கள். அந்த மருந்து செல்லுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை அடுத்த வாரம் பார்க்கலாம்.

(தொடரும்)