அணுக்கழிவுக்கு இடந்தெரிதல்: பாறையும் இசைவும்

அணுவுலையில் பயன்பட்டுத் தீர்ந்த எரிபொருள், வெளியே எடுக்கப்பட்டபின் சில ஆண்டுகள் நீர்த்தொட்டியில் ஆறவைக்கப்படுகிறது. வெப்பம் தணிகிறது, கதிரியக்கமோ எளிதில் தணிவதில்லை. அதிலுள்ள புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைவதற்கே ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் செல்லும். இத்துணை நீண்ட காலம் மனிதக் காவலை நம்பியிருத்தல் இயலாதாகையால், நிலத்தின் ஆழத்தில் உறுதியான பாறைக்குள் அதனை அடக்கஞ்செய்வதே தகும் என்பது இத்துறை அறிஞருட் பெரும்பாலோர் கருத்து. அப்படியாயின் எவ்விடத்துப் பாறை? நிலவியல் ஒன்றே இதற்கு விடை கூறும் என்று எண்ணுவோர் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்ததைக் கவனிக்க வேண்டும்.

பல இடங்களை ஒப்பிட்டு ஆராய்ந்து ஒன்றைத் தெரிந்துகொள்ளுமாறு அந்நாட்டின் 1982ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. டெக்சாஸ், வாஷிங்டன், நெவாடா ஆகிய மாநிலங்களில் ஒவ்வோர் இடம் எஞ்சி நின்றது. ஆய்வு முடியுமுன்னரே, 1987இல் காங்கிரஸ் பேரவை சட்டத்தைத் திருத்தி, நெவாடாவிலுள்ள யூக்கா மலையை மட்டுமே ஆராய வேண்டுமெனக் கட்டளையிட்டது. அவ்வாண்டில் பிரதிநிதிகள் சபையின் சபாநாயகர் டெக்சாஸ் மாநிலத்தவர். பெரும்பான்மைக் கட்சியின் அவைத்தலைவர் வாஷிங்டன் மாநிலத்தவர். அணுமின் நிலையம் ஒன்றேனும் இல்லாத நெவாடாவுக்கு அத்தகைய செல்வாக்கு இல்லை. 1863ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் சுட்டி, அம்மலை தங்கள் நிலம் எனக் கூறிய மேற்கு ஷோஷோனி மக்களின் எதிர்ப்பும் பயனற்றுப்போயிற்று. 2002இல் மாநில ஆளுநர் தமக்குச் சட்டம் அளித்திருந்த மறுப்புரிமையைச் செலுத்தினார். அம்மறுப்பைத் தள்ளிவிடும் அதிகாரத்தை அதே சட்டம் பேரவைக்கும் அளித்திருந்தது, பேரவை தள்ளிவிட்டது. தள்ளிவிடக்கூடிய மறுப்பை மறுப்பென்று அழைப்பதே விந்தை. 2010இல் ஒபாமா அரசு திட்டத்தைக் கைவிட்டது. 1,000 கோடி டாலருக்கு மேல் செலவான பின்பும், கழிவின் பெரும்பகுதி அது உண்டான உலைகளின் அருகிலேயே இருக்கிறது.

அதே 1987இல் பின்லாந்து இயற்றிய அணுசக்திச் சட்டமோ, இடமளிக்க வேண்டிய ஊராட்சி மறுக்குமாயின் அரசும் நாடாளுமன்றமும் அதனை மீறலாகாது என்று விதித்தது. நான்கு இடங்கள் விரிவாக ஆராயப்பட்டன. நான்கின் பாறையும் தகுதியுள்ளதே என்று காணப்பட்டபடியால், தெரிவை முடிவு செய்தது பாறை அன்று. 1970களின் இறுதியிலிருந்தே அணுமின் நிலையத்தோடு வாழ்ந்துவந்த எயுரயோக்கி ஊரின் மன்றம், 2000 ஜனவரியில் 20க்கு 7 என்னும் வாக்குகளால் இசைந்தது. நாடாளுமன்றம் 2001 மே மாதத்தில் 159க்கு 3 என ஏற்றது. 2004இல் சுரங்கம் தோண்டத் தொடங்கினர். வார்ப்பிரும்பு உள்ளீடும் ஐந்து சென்டிமீட்டர் தடிப்புள்ள செப்பு உறையும் கொண்ட கலங்களில் கழிவை இட்டு, நீர்பட்டால் உப்பும் களிமண்ணால் சூழ்ந்து, 400 மீட்டருக்கும் கீழே அடக்குவது அவர்தம் முறை.

இவ்விசைவு விலைக்கு வாங்கப்பட்டதன்றோ எனக் கேட்கலாம். கேட்க வேண்டியதே. 1999இல் நிறுவனத்தார் ஊராட்சியோடு ஓர் ஒப்பந்தம் செய்தனர். முதியோர் இல்லமாய் இருந்த பழைய மாளிகையைத் தாம் வாடகைக்கு எடுத்துக்கொண்டு, புதிய இல்லம் கட்டக் கடன் கொடுத்தனர். இதனைக் கையூட்டு என நான் கருதேன். பிறர் பயன்படுத்திய மின்சாரத்தின் சுமையை ஓரூர் ஏற்கையில் ஈடுசெய்வது நீதியே. எனினும் மறுத்தாலும் வாழக்கூடிய ஊரே மெய்யாக இசைய வல்லது. அணுமின் நிலையத்தால் வரிவருவாய் பெற்றுவந்த எயுரயோக்கி அத்தகைய ஊர். வேலையும் வருவாயும் அற்ற ஊரொன்றில் இதே பேச்சு நடந்திருப்பின், 20க்கு 7 என்பதை இத்துணை நம்பிக்கையோடு எடுத்துரைக்க மாட்டேன்.

நெவாடாவில் பழங்குடியினர் பெறாத இடத்தைக் கனடா அளித்தது. அங்கே 2024இல் இக்னேஸ் ஊராரும் வபிகூன் ஏரி ஒஜிப்வே மக்களும் தனித்தனியே வாக்களித்து இசைந்த பின்னரே இடம் அறிவிக்கப்பட்டது.

இனிப் பிறக்கப்போகிறவர்களிடம் இசைவு கேட்க எச்சட்டத்தாலும் இயலாது. பின்லாந்தின் சுரங்கம் அடுத்த நூற்றாண்டிலேதான் மூடி முத்திரையிடப்படும் என்பது திட்டம். அதுவரை அது திறந்திருக்கும். 2000இல் வாக்களித்த மன்றத்தாரின் பேரப்பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் அதன் அருகே வாழ்வார்கள்.