உப்புக்காற்றில் ஒரு பெட்ரோல் குழாய்

ஆறுமுகநேரியைச் சுற்றிலும் உப்பளம். காற்றோடு வந்து ஒட்டுவதும் உப்புதான். ஜன்னல் கம்பிக்கு மறக்காமல் பெயின்ட் அடிக்கிறோம். பழைய அம்பாசடரின் வயிற்றுக்கடியில், டாங்கியிலிருந்து இன்ஜின் வரை ஓடும் இரும்புக் குழாயை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாக நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். உப்பு வாரிய பின் பாத்தியில் மிஞ்சும் கசப்பு நீரில் இருப்பது மெக்னீசியம் குளோரைடு. அதற்கு 33 சதவீதமே போதும். கடற்காற்று கொண்டுவரும் உப்பிலும் இது உண்டு என்பதால், குழாயில் படிந்த பொடி கோடையிலும் முழுதாகக் காய்வதில்லை. அந்த ஈரத்தில் குளோரைடு இரும்பைக் குழிகுழியாகத் தின்கிறது. மேலுக்கு முழுசாகத் தெரிகிற குழாய், ஸ்பேனரைப் போட்டதும் நட்டோடு சேர்ந்து முறுகி ஒடிந்துவிடும். குழாயை இணைக்கும் ரப்பர் டியூபுக்கு வேறு சோதனை. 2023 முதல் விற்பனைக்கு வந்த 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதற்கென்று செய்யப்படாத பழைய ரப்பரை ஊதவைத்து வெடிப்பு விழச் செய்யக்கூடும்.

ஆகவே டியூபைக் கழற்றி மாற்றும் வேலை வந்தே தீரும். வீட்டிலேயே செய்கிறவர்கள் பயப்பட வேண்டியது ஸ்பேனருக்கு அல்ல, கண்ணுக்குத் தெரியாத ஆவிக்கு. எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் குளிரில்கூடத் தீப்பற்றும் அளவுக்கு ஆவி கிளம்பும் என்றால், நம் ஊர் வெயிலைச் சொல்ல வேண்டுமா? காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பொறி ஒன்று போதும். அந்த ஆவி காற்றைவிட மூன்று, நான்கு மடங்கு கனம். மேலே எழும்பாது, தரையோடு தவழ்ந்து, படியிறங்கி, பள்ளத்தில் தேங்கும். முற்றத்தில் சிந்திய பெட்ரோல், திறந்த கதவு வழியாக அடுப்பையோ வாசல் விளக்கையோ தேடிப் போய்விடும். இந்த வேலையை வீட்டை ஒட்டிச் செய்யாதீர்கள், அந்தி விளக்கு ஏற்றும் நேரத்தில் செய்யவே செய்யாதீர்கள். வெட்டவெளி, காலை நேரம், நன்றாக ஆறிய இன்ஜின், எட்டும் தூரத்தில் பவுடர் தீயணைப்பான். தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் அதன்மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

முதலில் டாங்கி மூடியைத் திறந்து, வெயிலில் அடைபட்ட அழுத்தத்தை வெளியேற்றி மூடுங்கள். கார்புரேட்டர் வண்டியில் குழாயின் அழுத்தம் குறைவு. இன்ஜெக்ஷன் வண்டியில் அது மூன்று வளிமண்டல அளவு, கார் டயரில் இருப்பதைவிட அதிகம். இன்ஜினை நிறுத்திய பிறகும் உள்ளே தங்கியிருக்கும். பெட்ரோல் பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டால் பெரும்பகுதி இறங்கிவிடும். அதற்குப் பிறகே பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்ற வேண்டும்.

துருப்பிடித்த நட்டில் முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். ஒரு ஸ்பேனர் எதிர்ப்பக்கத்தைப் பிடிக்க, இன்னொன்று திருப்பட்டும். ஒட்டிக்கொண்ட ரப்பரை இழுத்து ஆட்டாமல் நீளவாக்கில் பிளேடால் கீறி உரியுங்கள். எப்படியும் புது டியூப்தானே போடப் போகிறோம்! இணைப்பைத் துணியால் சுற்றி மெல்லத் தளர்த்துங்கள், கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். டாங்கியின் மட்டம் உயரமாக இருந்தால் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே வரும், அளவான அடைப்பானைக் கையில் வைத்திருங்கள். ஒழுகுவதைப் பிடிக்க மூடியுள்ள உலோகக் கேன் வேண்டும். பிளாஸ்டிக் பாட்டில் நிலைமின்சாரத்தைத் தேக்கிப் பொறி விடக்கூடும்.

டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் பழக்கத்தைக் கெஞ்சிக் கேட்கிறேன், விட்டுவிடுங்கள். சில சொட்டு நுரையீரலுக்குள் போனாலே கடுமையான அழற்சி வரும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

புது டியூப் பெட்ரோலுக்கென்றே செய்ததாக இருக்கட்டும். தண்ணீர் டியூப் ஆகாது. கிளிப்பும் புதிது. சிந்திய ஆவி முழுதும் கலைந்த பிறகே பேட்டரியை மாட்டுங்கள். இன்ஜினை ஓட்டிப் பார்த்து, அன்றிரவு வண்டியை வெளியிலேயே நிறுத்தி, அடியில் ஒரு அட்டைத்துண்டை விரித்து வையுங்கள். காலையில் அதில் கறை தெரிந்தால் சாவியைத் தொடாமல் மறுபடி கிளிப்பைப் பார்க்க வேண்டும்.